பட்டியலில் இல்லாத உருளைக்கிழங்கு

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், தன் கணவனின் சாவுச் சாப்பாட்டுக்குத் தானே ரொட்டிக்குள் பன்றித்தொடைத் துண்டு வைத்துக்கொண்டிருந்தாள் ஆர்டிஸ். மூன்று பேர் "உட்காரேன்" என்று சொல்லிப் பார்த்துவிட்டார்கள். உட்கார்ந்தால் அழுகை வந்துவிடும். விஸ்கான்சினில் நாலு பேர் முன்னால் யாரும் அழுவதில்லை, அடுத்த ரொட்டியை எடுப்பார்கள்.

கொட்டகை வாசலில் கணவன் வெர்லின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து நான்கு நாளாகிறது. அடக்கம் ஏப்ரலில்தான், கல்லறை மண் இன்னும் பனியில் உறைந்து கிடக்கிறது; அதுவரை பெட்டி சவக்கிடங்கில்.

டுவேன் வந்து நின்றான். பக்கத்துப் பண்ணைக்காரன், பயிர்க் காப்பீட்டு முகவரும் அவனேதான். சற்றுமுன் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்த அதே கோட்டின் உள்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான்.

"இதக் கேக்க எனக்கே வெக்கமாத்தான் இருக்கு, ஆர்டிஸ்."

"அப்போ கேக்காத. ரொட்டியத் தின்னு."

"இன்னிக்குத்தான் கடைசி நாள்."

மார்ச் பதினைந்து. தனித்தனிப் பயிருக்கல்ல, பண்ணையின் மொத்த வருமானத்துக்கும் சேர்த்து அரசாங்கத்தின் ஒரே காப்பீடு. அதற்கு இந்த ஆண்டு என்னென்ன விளைவிக்கப் போகிறோம் என்று ஒன்று விடாமல் எழுதித் தரவேண்டும்.

"அம்மா, கையெழுத்துப் போடாத" என்றாள் மகள் காரின். "நிலத்தக் குத்தகைக்கு விட்டுட்டு என்னோட வா. ஒத்தையாளா என்ன பண்ணுவ?"

"வெர்லின் போன மாசமே எழுதிக் குடுத்துட்டான்" என்றான் டுவேன். "ரெண்டு பேரும் போடணும். உன்னோடதுதான் பாக்கி."

ஆர்டிஸ் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வெர்லினுடைய கோணல் எழுத்து. பூண்டு. பட்டாணி. கீரை. முட்டை. பூக்கள். அவ்வளவுதான்.

"உருளைக்கிழங்கக் காணோமே! முப்பது வருஷமாப் போடறது. மறந்துட்டானா அந்த மனுஷன்?"

"நானும் கேட்டேன். காபியக் குடிச்சிட்டுக் கெளம்பிட்டான்."

பூசணியும் இல்லை, ஆடுகளும் இல்லை. அவள் பட்டியலை இன்னொரு முறை படித்தாள். அவள் தோளில் அறுவை செய்த டாக்டர், இருபது பவுண்டுக்கு மேல் தூக்கவே கூடாது என்று சொல்லியிருந்தார். தாளில் இருந்த எதுவும் அதற்கு மேல் போகாது.

ஜனவரியில் இரண்டு முறை வெர்லின், பம்புக்குச் சாமான் வாங்கவென்று லா கிராஸ் நகரத்துக்குப் போனான். இரண்டு முறையும் வெறுங்கையோடு திரும்பினான். அங்கே பெரிய ஆஸ்பத்திரியும் இருக்கிறது.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முப்பத்தாறு வருஷம் ஒரே படுக்கை. தான் இருக்கமாட்டேன் என்று வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லாமல், கடைசியில் அரசாங்கத் தாளில் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

"பேனா குடு" என்றாள்.

பூக்களுக்குக் கீழே 'உருளைக்கிழங்கு, அரை ஏக்கர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"அந்த மூட்டைய யாரும்மா தூக்குவா?" என்றாள் காரின்.

"சின்ன மூட்டையாக் கட்டிக்கிறேன்."

டுவேன் தாளை மடித்துப் பைக்குள் வைத்தான். ஆர்டிஸ் ரொட்டித் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.