ஏழாம் படுக்கையின் மருமகன்

அந்த வார்டில் நர்ஸாக இருந்த அவளுக்குக் கண்கொத்தி என்று பெயர். பதினெட்டு வருடத்தில் ஓர் ஊசி மாறியதில்லை, ஒரு மாத்திரை தவறியதில்லை. கண்கொத்திப் பாம்பு மாதிரி காவல் காக்கிறாள் என்று ஒரு டாக்டர் சொல்லப்போக, அது பட்டமாக ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான். அந்தப் பெருமைக்கு அன்று காலை பதினொரு மணி வரைதான் ஆயுள்.

முந்தின நாள் மதியம் ஒரு மணிக்கு டியூட்டிக்கு வந்தவள் அவள். இரவு வரவேண்டியவளுக்குக் காய்ச்சல். காலையில் வரவேண்டியவள் போன வாரமே வேலையை விட்டிருந்தாள். இன்னும் ஒரு மணி நேரம் பார்த்துக்கொள் என்று மேட்ரன் சொல்லியிருந்தார். அதையே மணிக்கு ஒரு தரம் சொன்னார்.

தூக்கத்தைப் பற்றிக் கண்கொத்திக்குக் கவலையில்லை, ஏனென்றால் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் வித்தை அவளுக்குக் கைவந்திருந்தது. லிஃப்டில் இரண்டாம் மாடியிலிருந்து நான்காம் மாடிக்குப் போவதற்குள் ஒரு முழுக் கனவு கண்டு முடிப்பாள். என்ன, வீட்டில்தான் கொஞ்சம் சிரமம். போன வாரம் கதவைத் திறந்த கணவரிடம், ஐம்பது வயது ஆண், இரவு நன்றாகத் தூங்கினார், காலையில் வயிறு போயிற்று, கோபம் சற்று அதிகம் என்று ஷிஃப்ட் மாறும்போது அடுத்த நர்ஸிடம் சொல்வதுபோல் அவரைப் பற்றி அவரிடமே ஒப்படைப்பு சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள். அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தகவலில் பிழை இல்லை.

ஏழாம் படுக்கைப் பெரியவருக்கு அன்று குடலிறக்க ஆபரேஷன். அதற்கு முன்னால் படபடப்பு அடங்க ஓர் ஊசி போட்டு அனுப்ப வேண்டும். கண்கொத்தி ஊசியோடு போனாள். படுக்கையில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓர் ஆள். பெரியவர் பெயரைச் சொல்லி, நீங்கள்தானே என்று முறைப்படி கேட்டாள். போர்வைக்குள்ளிருந்து 'ம்' என்று பதில் வந்தது. கையும் வந்தது. போட்டாள். சீட்டில் கையெழுத்தும் போட்டாள்.

அந்தக் கை பெரியவருடையது அல்ல. துணைக்கு இருந்த மருமகனுடையது. பெரியவர் கழிவறைக்குப் போன நேரத்தில், இரண்டு ராத்திரி நாற்காலியில் உட்கார்ந்தே கழித்த அந்த மனிதர், ஐந்து நிமிஷம் முதுகைச் சாய்க்கலாம் என்று படுத்திருக்கிறார். மாமனார் விஷயமாக யார் எதைக் கேட்டாலும் 'ம்' என்று சொல்லிப் பழகியவர், பாவம்.

ஸ்ட்ரெச்சர்காரரும் தொடர்ந்து இரண்டாவது ஷிஃப்டில் இருந்தார். ஏழாம் படுக்கையில் யார் இருக்கிறாரோ அவரை ஏற்று என்பதுதான் அவருக்குச் சொல்லப்பட்டது. ஆபரேஷன் தியேட்டருக்கு ஏற்றிக்கொண்டு போனார்.

கால் மணி நேரம் கழித்துப் பெரியவர் கழிவறையிலிருந்து வந்தார். படுக்கை காலி. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கண்கொத்தியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, என்னை எப்பம்மா கூட்டிட்டுப் போவீங்க? நேத்துலேருந்து பட்டினி."

கண்கொத்தி சீட்டைப் பார்த்தாள். தன் கையெழுத்தையும் பார்த்தாள். தன் கையெழுத்தின் மேல் அவளுக்கு அபார நம்பிக்கை.

"ஐயா, நீங்க ஏற்கெனவே தியேட்டர்ல இருக்கீங்க."

"அப்படியாம்மா?" என்று பெரியவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான்கு அடி நடந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தாள். பெரியவரின் மணிக்கட்டில் பெயர்ப் பட்டை இருந்தது. பதினெட்டு வருடத்தில் அவள் ஓடியதில்லை. நடையே போதும் என்று பெயரெடுத்தவள். அன்று ஓடினாள்.

தியேட்டரில் மருமகன் மேசைமேல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வயிற்றில் மருந்து தடவியாகிவிட்டது. கையில் பட்டை இல்லையே என்று தியேட்டர் சிஸ்டர் கேட்கவில்லையா என்றால், கேட்டிருக்கிறார். பட்டைகள் அறுந்து விழுவது வழக்கம் என்பதால், சீட்டைப் பார்த்துப் புதிதாக ஒன்று எழுதி அவரே கட்டியும் விட்டிருக்கிறார். அந்த அம்மாவுக்கு அது பத்தொன்பதாவது மணி நேரம்.

"அது பேஷண்ட் இல்ல, மருமகன்," என்றாள் கண்கொத்தி, மூச்சு வாங்க.

சர்ஜன் கையை எடுத்தார்.

"அதான் பாத்தேன். எவ்வளவு தடவினாலும் ஹெர்னியா கைக்கே ஆப்புடல," என்றார்.

மருமகனைத் திருப்பித் தள்ளிக்கொண்டு வருகையில் தியேட்டர் சிஸ்டர் காதோடு ஒரு யோசனை சொன்னார். ஸ்ட்ரெச்சர்காரர் ஆளை மாற்றி ஏற்றிவிட்டார் என்று எழுதிவிடலாம், அவர் தற்காலிகம்தானே. தற்காலிக ஆளை மறுநாளே நிறுத்திவிடுவார்கள் என்பது இருவருக்கும் தெரியும். முன்னால் தள்ளிக்கொண்டு போன அந்த மனிதரின் முதுகைக் கண்கொத்தி பார்த்தாள். அவர் நடந்துகொண்டே தூங்கிக்கொண்டிருந்தார். வித்தையில் தன்னைவிட மேல் என்று அவளுக்குப் பட்டது.

உட்கார்ந்து அறிக்கை எழுதினாள். ஊசி போட்டவர்: தான். பட்டையைப் பார்க்காதவர்: தான். காரணம் என்ற கட்டத்தில், தூக்கம் என்று எழுதினாள். இனி நிகழாமல் இருக்க எடுக்கும் நடவடிக்கை என்ற கட்டத்தில், தூங்குவது என்று எழுதினாள்.

மேட்ரன் அதை இரண்டு முறை படித்தார். மூன்று நாள் சஸ்பென்ஷன் என்றார். இரண்டு மாதமாகக் கேட்டுக் கிடைக்காத லீவும் இதே மூன்று நாள்தான் என்பது கண்கொத்திக்கு ஞாபகம் வந்தது. முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ள மிகவும் பாடுபட்டாள்.

மேட்ரன் பேனாவை எடுத்தவர், டியூட்டி பட்டியலைப் பார்த்து நிறுத்தினார்.

"இன்னிக்கு நைட்டுக்கு ஆளே இல்லயேடி. சஸ்பென்ஷன நாளைலேருந்து வச்சுக்கலாமா?"

பதினெட்டு வருடமாக இந்த இடத்தில் அவள் சரி மேடம் என்றுதான் சொல்லியிருக்கிறாள். அன்று வாய் அந்தப் பக்கம் போகவில்லை.

"இப்பவே போடுங்க மேடம். ராத்திரி நான் யாருக்கு என்ன ஊசி போடுவேன்னு எனக்கே தெரியாது. உங்களுக்கே போட்டாலும் போடுவேன்."

மேட்ரன் அவளைப் பார்த்தார். தன் கையையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். அன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டார்.

அதற்கு மேல் நடந்ததையெல்லாம், மூன்றாம் நாள் சாயங்காலம் தூங்கி விழித்த பிறகு, ஸ்ட்ரெச்சர்காரர் ஃபோனில் சொல்லித்தான் கேட்டாள். பெரியவருக்கு மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். மருமகன் இப்போது 'ம்' சொல்வதில்லையாம். யார் எதைக் கேட்டாலும் முதலில் இரண்டு மணிக்கட்டையும் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் வாயைத் திறக்கிறாராம். அந்த இரவு டியூட்டியை மேட்ரனே பார்த்திருக்கிறார். காலையில் அடுத்த வாரப் பட்டியலை எழுத உட்கார்ந்தவர் அதன் மேலேயே கன்னத்தை வைத்துத் தூங்கிவிட, ஈர மை அப்படியே கன்னத்தில் பதிந்துவிட்டது. எழுத்து இடவலம் மாறியிருந்ததால் கண்ணாடியில் பார்த்துத்தான் படிக்க முடிந்ததாம்.

அதில் வியாழன் இரவு டியூட்டிக்கு முதல்முறையாக இரண்டு பேர் பெயர் போட்டிருந்ததாம்.