மருந்து கொண்டுவந்த கிழவர்

சேவகன் வேஷம் இந்த வருஷம் வேண்டாம் என்று அற்புதசாமி சொன்னதும், ஒத்திகைக்கு வந்திருந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் சிரித்தார்கள்.

“உன்ன விட்டா அந்த இடுக்கியப் பிடிக்க வேற ஆளு ஏதுப்பா?” என்றார் நாடக வாத்தியார் நல்லதம்பி. “சரி, வேற எந்த வேஷந்தான் வேணும் தொரைக்கு?”

“பேதுரு வேஷம் குடுங்கண்ணே.”

“பேதுருவா? உனக்குத் தாடி ஒட்டினா அப்போஸ்தலர் மாதிரியா இருப்ப? வெங்காய மூட்டைக்குத் தாடி மொளச்ச மாதிரி இருப்ப.”

மறுபடியும் ஒரே சிரிப்பு. அற்புதசாமியும் சேர்ந்து சிரித்தான். ஆனால் சிரித்து முடித்த பிறகும் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அவன் முகத்தைப் பார்த்த நல்லதம்பி, என்ன நினைத்தாரோ, “பாட்டு வருமா உனக்கு?” என்று கேட்டார். வரும் என்றான். எத்தனை வருஷமாகக் காதில் விழுந்த பாட்டு!

காட்டூர்ப் பக்கத்துக் காலனியில் இருக்கிற கோயில் சின்னதுதான். புனித அகத்தம்மாள் அதற்குப் பாதுகாவலி. பிப்ரவரி ஐந்தாம் தேதி திருவிழா. சாயங்காலம் பூசை முடிந்து சப்பரம் தெருவைச் சுற்றி வந்து நின்றதும், விசுவாசத்துக்காக உயிர்விட்ட அந்த வேதசாட்சியின் சரித்திரத்தை நாடகமாகப் போடுவார்கள். சிசிலித் தீவில் ஆண்டவருக்கே தன்னை ஒப்புக்கொடுத்த கன்னிப்பெண் அகத்தம்மாள். தேசாதிபதி குவிந்தியான் அவள்மேல் ஆசை வைக்கிறான். அவள் இணங்கவில்லை. அவள் மார்பை இடுக்கியால் அறுத்துச் சிறையில் போடச் சேவகனிடம் சொல்கிறான். அந்தச் சிறைக்குள் ஒரு கிழவர் மருந்துப் பையோடு வருகிறார். அவர்தான் பேதுரு. அவளோ, மருந்து வேண்டாம், ஆண்டவர் சொல்லே போதும் என்கிறாள். அவள் விசுவாசத்தைப் பார்த்துக் கிழவர் ஆசீர்வதிக்க, அந்த நிமிஷமே காயம் ஆறிவிடுகிறது. அப்புறம் தணலில் புரட்டப்பட்டு அவள் உயிர்விடுவாள். பாட்டும் வசனமும் யாரோ அந்தக் காலத்தில் கட்டியது. அதில் ஒரு சொல்லை மாற்றக்கூடாது. வேஷம் கட்டுகிறவர்கள் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்து நேர்ச்சையாகத்தான் கட்ட வேண்டும்.

காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற அற்புதசாமிக்கு அந்த உடம்பினாலேயே சேவகன் வேஷம் வந்து வாய்த்தது. வெள்ளித்தாள் ஒட்டிய மர இடுக்கியைத் தூக்கிக்கொண்டு அவன் மேடைக்கு வந்தால் பொம்பளைகள் மண்ணை வாரித் தூற்றுவார்கள். “பாவி, உங் கை வெளங்குமா?” என்று கத்துவார்கள். மறுநாள் அவர்களே வந்து, நேற்று நன்றாகச் செய்தாய் என்பார்கள். அவனுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இந்த வருஷம் அந்த இடுக்கியைக் கையில் எடுக்கவே முடியவில்லை. காரணம் வீட்டில் இருந்தது.

அவன் பெண்டாட்டி பேரும் அகத்தம்மாள்தான். அந்தக் கோயிலில் வேண்டிப் பெற்ற பிள்ளை. தீபாவளி சமயத்தில் ஒருநாள் துவைத்த துணியை எடுத்து மடிக்கிறபோது, அவளுடைய ரவிக்கையில் உள்பக்கமாக வைத்துத் தைத்த துணியைப் பார்த்தான். இடது பக்கம் கறை. கேட்டதற்கு வேனல் கட்டி என்றாள். மழைக்காலத்தில் என்ன வேனல் கட்டி? கையைப் பிடித்து நிறுத்திப் பார்த்தபோது, மாங்கொட்டை மாதிரி ஒரு கட்டி, தோலோடு ஒட்டி, கல்லாக இருந்தது.

“பெரியாஸ்பத்திரிக்குப் போலாம், கெளம்பு.”

“எங்கயும் வரல. திருவிழாவுக்குள்ள ஆத்தா சரிபண்ணிடுவாங்க. கோயில் வெளக்கு எண்ணெய தினம் தடவுறேன்.”

“எண்ணெயில போறதா இது?”

“அவங்களுக்கு மருந்தாலயா ஆறுச்சு? பேதுரு வந்து குடுத்தப்பவே வேண்டாம்னுட்டாங்க. அவங்க பேர வெச்சுக்கிட்டு நான் மட்டும் ஓடிப்போயி மாரக் காட்டணுமா?”

அவ்வளவுதான் பேச்சு. மகள் பெலிண்டாவைக் கரூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்; அவளுக்குப் போன் போட்டால் கிணற்றில் விழுவேன் என்றாள் அகத்தம்மாள். அவள் வேலை செய்கிற ஸ்ரீரங்கத்து வீட்டு மாமி எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள். அதையும் இவள் வீட்டில் வந்து மாமி மாதிரியே குரலை மாற்றிச் சொன்னாள்: “‘அகத்தா, பெருமாள் மேல ஆணை, டாக்டர்ட்ட காட்டாம நீ இந்தப் படி ஏறப்படாது.’ ஏறலன்னா போச்சு. அந்த வீட்டுப் பாத்திரம் என்னை நெனச்சு அழவா போவுது?”

பங்குச்சாமியாரை வீட்டுக்கு அழைத்து வந்தான். வைத்தியரையும் ஆண்டவர்தானே படைத்தார் என்று அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். இவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “சரிங்க சாமி, சரிங்க சாமி” என்று தலையாட்டினாள். காப்பி போட்டுக் கொடுத்தாள். அவர் தெருமுனை திரும்பியதும், “இன்னொருதரம் யாரையாச்சும் கூட்டியாந்தீங்க, பாத்துக்குங்க” என்றாள்.

உள்ளுக்குள் அவளுக்கு என்ன பயம் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. வையம்பட்டியில் இருந்த அவளுடைய அக்காவுக்கும் இதேதான். அறுத்தார்கள். அறுத்தும் பிழைக்கவில்லை. பெட்டியில் வைப்பதற்கு முன்னால் அக்காவுக்குச் சேலை கட்டிவிட்டது இவள்தான். அன்று பார்த்ததை இவள் யாரிடமும் சொன்னதில்லை. பயத்துக்குப் பக்தி என்று பேர் வைத்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பேரைப் பிடுங்கினால் அவளுக்கு நிற்க இடமில்லை. அதனால் அவனாலும் பிடுங்க முடியவில்லை.

மார்கழியும் போய்த் தையும் வந்தது. அவள் மெலிந்தாள். இடது கையைத் தூக்கித் தண்ணீர்க்குடம் எடுக்க முடியாமல் இடுப்பில் சாய்த்துச் சாய்த்து எடுத்தாள். அற்புதசாமி மார்க்கெட்டில் மூட்டை சுமக்கும்போதெல்லாம் பேதுருவின் பாட்டைத்தான் முணுமுணுத்தான். சுமக்கச் சுமக்க ஒரு கேள்வி அவன் பிடரியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கிழவர் எதற்காகப் பை கொண்டுவந்தார்? சுமை சுமக்கிறவனுக்குத்தான் தெரியும், தேவையில்லாததை எவனும் அவ்வளவு தூரம் தோளில் தூக்கி வரமாட்டான்.

திருவிழா அன்று பூசைக்கு நல்ல கூட்டம். சப்பரம் வந்து நின்றது. மேடையில் விளக்குப் போட்டார்கள். அகத்தம்மாள் எப்போதும்போல முன்வரிசையில், பக்கத்து வீட்டு டோரதியோடு பாயில் வந்து உட்கார்ந்தாள். தேசாதிபதி வந்தான், கர்ஜித்தான். புதுச் சேவகனாக வந்த பையன் இடுக்கியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வந்தான். “டேய், அது ஊதுகுழலாடா?” என்று யாரோ கத்த, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால் திரை விலகிச் சிறைக்காட்சி வந்ததும் சத்தம் அடங்கிவிட்டது. துணிக்கடையில் வேலை பார்க்கிற பிரான்சிதான் புனிதை. நெஞ்சை மறைத்துச் சிவப்புத் துணி போர்த்திச் சுவரில் சாய்ந்திருந்தாள்.

அற்புதசாமி தாடியோடும் தோள்பையோடும் உள்ளே வந்தான்.

“மகளே, உன் வேதனை கண்டு மனம் வருந்தி வந்தேன். உன் புண்ணுக்கு மருந்து கொண்டுவந்தேன். வாங்கிக்கொள்வாயாக.”

பிரான்சி பாடினாள். “ஐயா, இம்மேனிக்கு மருந்து இதுவரை இட்டேனில்லை, இனியும் இடேன்…”

அப்போது அவன் கண் தற்செயலாகக் கீழே போனது. முன்வரிசையில் அகத்தம்மாளின் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஒரு சொல் பிசகாமல் பிரான்சியோடு கூடவே அவளும் சொல்லிக்கொண்டிருந்தாள். இனியும் இடேன். கண்ணில் தண்ணீர் வழிகிறது, துடைக்கவில்லை. புடவைத் தலைப்பை இடது பக்கம் அழுத்திப் பிடித்திருக்கிறாள்.

‘அப்படியே ஆகக்கடவது’ என்பதுதான் பேதுருவின் அடுத்த வசனம். வலது கையைத் தூக்கி ஆசீர்வாதம் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டும். அவன் கை தூக்கவில்லை.

“வேண்டாம்னு சொல்லாத தாயி” என்றான்.

பிரான்சி திடுக்கிட்டாள். திரைக்குப் பின்னாலிருந்து நல்லதம்பியின் குரல் சீறியது: “அப்படியே ஆகக்கடவது! அப்படியே ஆகக்கடவது!”

“ஆண்டவர் அனுப்பித்தான் வந்தேன். சொல்லு ஒண்ணே போதும்னா என்னை வெறுங்கையோட அனுப்பியிருக்கமாட்டாரா? இந்தப் பைய எந்தோள்ல மாட்டிவிட்டது யாரு? நானா கேட்டேன்?”

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். வசனம் மறந்துவிட்டான் என்று நினைத்திருப்பார்கள். பிரான்சிக்கு வேறு வழி தெரியவில்லை. பாடின வரியையே திரும்பப் பாடினாள். “இனியும் இடேன்” என்று முடிக்கும்போது குரல் தேய்ந்தது.

அற்புதசாமி மண்டி போட்டான். கோயில் மேடையில் பேதுரு ஒரு பெண்பிள்ளை முன்னால் மண்டி போட்டதை அந்தக் காலனி அதற்குமுன் பார்த்ததில்லை. “உனக்கு நோவலேன்னாலும் எனக்கு நோவுது. அதுக்காவது வாங்கிக்க” என்று பையிலிருந்த குப்பியை எடுத்து நீட்டினான். நீட்டிய கை அப்படியே நின்றது. பின்னால் நல்லதம்பி, “எழுந்திருடா சண்டாளா” என்று அழுகிற குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். பிரான்சி திரையைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். கடைசியில் இது முடிந்தால் சரி என்பதுபோல் கையை நீட்டிக் குப்பியை வாங்கிக்கொண்டாள்.

திரையை இழுத்து மூடினார்கள். வெளியே ஒரே கூச்சல். சிலர் கைதட்டினார்கள். “புனிதை சரித்திரத்துல வெளையாடுறானா?” என்று ஒருவர் எழுந்து நின்று கத்தினார். திரை இடுக்கு வழியாக அற்புதசாமி பார்த்தபோது பாயில் டோரதி மட்டும் இருந்தாள்.

“அண்ணே…” என்றான் நல்லதம்பியிடம்.

“பேசாத. இனிமே இந்த மேடையில உங் காலு படக்கூடாது. வேதசாட்சி சரித்திரத்துல பொய்யக் கலந்துட்டியே. போ.”

அங்கியும் தாடியுமாகவே தெருவில் ஓடினான். சீரியல் பல்பு கட்டின வளைவைத் தாண்டி அவள் வேகவேகமாகப் போய்க்கொண்டிருந்தாள்.

“அகத்தா, நில்லு புள்ள.”

“கிட்ட வராதீங்க! எதுக்கு அப்படிச் செஞ்சீங்க? திருவிழா அன்னிக்கே அவங்கள அசிங்கப்படுத்தணுமா?”

“உன் பேர நான் சொல்லலியே. யாருக்கும் தெரியாது.”

“தெரிஞ்சுபோச்சு.” அவள் நின்றாள். மூச்சு வாங்கியது. “டோரதிக்குத் தெரிஞ்சுபோச்சு. நீங்க குப்பிய நீட்டிக்கிட்டே இருந்தீங்களா… அந்தப் புள்ள வாங்கவே மாட்டேங்குதேன்னு… எனக்கே தெரியல, எங்கை நீண்டுடுச்சுங்க. உக்காந்த எடத்துல, இப்படி. எத்தினியோ பேருக்கு நடுவுல. டோரதி என் கையப் பாத்தா, அப்பறம் என் நெஞ்சப் பாத்தா. ஒண்ணும் கேக்கல.”

அவன் ஒட்டின தாடி வியர்வையில் பாதி கழன்று தொங்கியது.

“அவங்களால முடிஞ்சது எனக்கு முடியல” என்றாள். தோற்றுப்போனவள் பேசுகிற மாதிரி இருந்தது. “அந்தத் தாடியப் பிச்சுப் போடுங்க. பாக்க சகிக்கல.”

மறுநாள் காலையில் இரண்டு பேரும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறிப் புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். சீட்டு வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, பேர் கூப்பிட்டதும் உள்ளே போனார்கள். டாக்டர் சின்ன வயசுப் பெண். திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டுக் கை கழுவினாள்.

“எப்பலேந்தும்மா இது இருக்கு?”

தீபாவளியிலிருந்து என்று சொல்ல அற்புதசாமி வாயெடுத்தான். அதற்குள் அவளே சொன்னாள்.

“போன வருஷத் திருவிழாவுக்கு முந்தியே இருக்குங்க. அப்ப சின்னதா இருந்துச்சு.”

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷத்துக்கு மேல் ஒன்றும் தெரியாமல் ஒரே கூரைக்குக் கீழே படுத்து எழுந்திருக்கிறான். டாக்டர் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டவில்லை. “சரிம்மா, ஊசி வெச்சு எடுத்துப் பாத்துடுவோம்” என்று மெதுவாகச் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

நர்ஸ் வந்து கூப்பிட்டாள். “நீங்க வெளியில இருங்க, பெரியவரே.”

அகத்தம்மாள் எழுந்தாள். செருப்பை வாசலில் விட்டாள். “கத்தி வெக்கணும்னாங்கன்னா எனக்குத் தெரியாம கையெழுத்துப் போட்டுறாதீங்க” என்றாள். “என்கிட்ட கேளுங்க. நான் சொல்றேன்.”

“என்ன சொல்லுவ?”

“தெரியல” என்றாள். கதவு மூடிக்கொண்டது.

வெளியே நடையில் ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். அற்புதசாமி சுவரோரமாக நின்றான். வேண்டிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. யாரிடம் வேண்டுவது? கஷ்டம் என்றால் அவன் வாயில் முதலில் வருவது புனித அகத்தம்மாள் பேர்தான். நேற்று ஊர் பார்க்க அவளுடைய வைராக்கியத்தைக் குலைத்துவிட்டு, இன்று எந்த முகத்தோடு போய்க் கேட்பது? வேறு புனிதர்கள் பேரை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். எவரும் மனதில் நிற்கவில்லை.

கடைசியில் சிலுவை போட்டுக்கொள்ளாமலே, பக்கத்தில் நிற்கிற ஆளிடம் பேசுகிற மாதிரி, வாய்க்குள் சொன்னான்:

“கோவம்னா எம்மேல வெச்சுக்கங்க தாயி. அவ கைய நீட்டினதுக்கு நாந்தான் காரணம். அவகிட்ட போங்க. உள்ள தனியா இருக்கா.”