சொல்லாமல் விட்ட மூன்றாவது வசனம்

1.
இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது. நான் லிந்துலைப் பக்கம் ஒரு பாடசாலையில் ஆசிரியை. கதையும் எழுதுவேன், அதுதான் வினை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த தர்ஷிகாவின் முகத்தில்...

(வேண்டாம். முகத்தில் ஒன்றுமில்லை. மரு வந்தது பிறப்புறுப்பில். இதை எழுத மூன்று தாள் கிழித்தேன்.)

2.
பாடசாலைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தர்ஷிகாவுக்குச் சிங்களம் வராது. கிளினிக்கில் நான்தான் மொழிபெயர்த்தேன். டொக்டரம்மா நான்கு வசனம் சொன்னார். இது வைரஸால் வருவது, உடலுறவில் தொற்றும். மருந்து பூசி அகற்றலாம், திரும்பவும் வரலாம். வைரஸ் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில்கூட வெளியே தெரியாமல் இருக்கும்; அதனால் யாரிடமிருந்து, எப்போது வந்ததென்று சொல்ல முடியாது. கணவரையும் வரச் சொல்லுங்கள்.

மூன்றாவதை நான் சொல்லவில்லை.

(வெட்கத்தால் என்று எழுதி, பிறகு வெட்டிவிட்டேன். கணவன் மதுரனுக்குக் கொழும்பில் கடை வேலை. மாதம் ஒருமுறைதான் வருவான். வில்லன் கிடைத்துவிட்டான் என்று என் மனம் அங்கேயே கதையை முடித்துவிட்டது. அந்த வசனம் எனக்கு இடைஞ்சல்.)

3.
மதுரன் பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். தர்ஷிகா நம்பவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வட்டவளையில் அக்கா இருக்கும் தோட்டத்து லய வீட்டுக்குப் போய்விட்டாள்.

(அவன் குற்றவாளி என்று ஒரு முடிவு எழுதினேன். நிரபராதி என்று இன்னொன்று. இரண்டுமே நன்றாக வந்தன. எனக்கு என் மேலேயே பயம் வந்துவிட்டது.)

4.
நேற்று வட்டவளைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப இவருகிட்ட இருந்துதான் வந்துச்சுன்னு இல்லையா டீச்சர்?"

"சொல்ல முடியாது."

"கல்யாணத்துக்கு முந்தியே எங்கிட்ட இருந்திருக்கலாமா?"

"இருந்திருக்கலாம்."

எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"முந்தி ஒருத்தரோட பழக்கம் இருந்துச்சு. இவருக்குத் தெரியாது." குரல் இறங்கியது. "செவ்வாக்கிழமை இவரும் கிளினிக்குக்குப் போறாரு. இவருக்குச் சிங்களம் தண்ணிபட்ட பாடு. அந்த வசனத்த இவருகிட்டயும் சொல்லுவாங்களா?"

"சொல்லுவாங்க."

"அப்ப அதுக்கு முந்தி நானே எல்லாத்தையும் சொல்லிரணுமா? நீங்களே சொல்லுங்க டீச்சர்."

நேரமாகிவிட்டது என்று பஸ் ஏறிவிட்டேன். கோழைத்தனம்தான்.

5.
இன்று திங்கட்கிழமை. மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். அவள் சொல்கிறாள், அவன்...

(இல்லை. அவளுக்காக ஏற்கெனவே ஒருமுறை நான் முடிவெடுத்தது போதும்.)

போன் அடிக்கிறது. அவள்தான். என்ன பதில் என்று நீங்கள் சொல்லுங்கள். இந்த முறை ஒன்றையும் விடாமல், அப்படியே அவளிடம் சொல்கிறேன்.