பாத்தாச்சு என்ற ஒரு சொல்

காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்ததில் பேச்சித்தாய்க்குக் கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கம்பெனி ஒன்றில் பாக்கெட் போடும் பகுதிக்கு அவள்தான் மேற்பார்வை. வாரம் முழுக்க அங்கே நின்றுவிட்டு, கிடைக்கிற ஒரு நாள் ஓய்வையும் பெண்பிள்ளைகளின் வாட்டர் போலோ கிளப்புக்கென்று கொடுத்துக் கொடுத்தே அவளுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. அன்றைக்கும் அப்படித்தான். பிள்ளைகளை வேனில் ஏற்றித் திருநெல்வேலிக்குக் கொண்டுவந்து, காலையில் அரையிறுதியில் ஜெயித்து, பொட்டலச் சோற்றைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, இறுதி ஆட்டத்துக்காக நீச்சல் குளத்தின் விளிம்பில் வந்து நின்றாள். எதிரணி தச்சநல்லூர்ப் பிள்ளைகள்.

இந்த வருஷத்தோடு போதும் என்று அவள் முடிவு செய்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. முத்துராணியை ஒரு கரை சேர்த்துவிட்டால் போதும்.

முத்துராணிக்குப் பதினேழு வயது. ஆற்றில், இரண்டு பிளாஸ்டிக் டிரம்முக்கு நடுவே கயிறு கட்டி அதைக் கோல் என்று வைத்துக்கொண்டு பேச்சித்தாய் பழக்கிய பிள்ளைகளில் அவளைப் போல இன்னொருத்தி வாய்க்கவில்லை. மாநில அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் இரண்டு பேர் இன்றைக்கு மேலே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டால் விளையாட்டுக்கான இடத்தில் கல்லூரியும் விடுதியும் முத்துராணிக்குச் செலவில்லாமல் கிடைக்கும். அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். அவளுடைய அப்பா முத்துமாலை வாழைத்தார் லோடு ஏற்றுகிறவர். "இந்த ஒரு வருசம் பாக்கேன். கெடைக்கலேன்னா ஒங்க கம்பெனியிலயே சேத்து விட்டுருங்க, பொறவு படிப்பு கிடிப்புன்னு எங்கிட்ட வரப்படாது" என்று போன மாதம்தான் தீர்த்துச் சொல்லியிருந்தார்.

ஆட்டம் தொடங்குமுன் ஒரு சடங்கு உண்டு. ஆழத் தண்ணீரில் கால் ஊன்றாமல், ஒருவரை ஒருவர் மறித்துக்கொண்டு ஆடுகிற ஆட்டம் இது. அதனால் யார் நகமும் நீண்டிருக்கக் கூடாது. யார் உடம்பிலும் எண்ணெய் இருக்கக் கூடாது; எண்ணெய் இருந்தால் மறிக்கிறவளுக்குப் பிடி நிற்காது. நடுவர்தான் ஒவ்வொருவரையும் தொட்டுப் பார்த்து இறக்க வேண்டும். ஆனால் இந்தப் பக்கத்தில் பெண்பிள்ளைகள் ஆட்டத்துக்கும் நடுவர் தாஜ் முகம்மதுதான். வளைகுடாவில் ஒரு ஓட்டல் குளத்தில் காவலுக்கு இருந்து, அங்கேயே விதிகளைக் கற்றுக்கொண்டு வந்தவர். வயசுப் பிள்ளைகளின் கையைத் தொட்டுப் பார்க்க அவருக்கு மனசு ஒப்பவில்லை. அதனால் அவரவர் அணியை அவரவர் பயிற்சியாளரே பார்த்துவிட்டுச் சொல்வது என்று வழக்கமாகிவிட்டது. ஆரம்பத்தில் ஒவ்வொரு பிள்ளையின் தோளிலும் கையிலும் உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு நகத்தை மட்டும் பார்த்தார்கள். இப்போது சொல் மட்டும்தான் மிச்சம்.

"பேச்சித்தாயி, உங்க பிள்ளேளப் பாத்தாச்சா?"

வரிசையாக நீட்டிய விரல்களின் மேல் ஒரு பார்வையை ஓட்டிவிட்டு அவள் சொன்னாள். "பாத்தாச்சு அண்ணாச்சி."

"மைதீன் பாத்திமா?"

"பாத்தாச்சு காக்கா" என்றாள் தச்சநல்லூர்ப் பயிற்சியாளர், கைப்பேசியிலிருந்து தலையை எடுக்காமலே.

விசில் ஒலித்தது.

நான்கு பாகங்கள் கொண்ட ஆட்டத்தில் முதல் இரண்டு பாகம் முடிவதற்குள் முத்துராணி மூன்று கோல் போட்டுவிட்டாள். மறிக்க வந்தவர்களெல்லாம் அவள் தோளைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தார்கள். படிக்கட்டில் இருந்தவர்களில் ஒருவர் எழுந்து நின்று பார்த்தார். பேச்சித்தாய் அதைப் பார்த்தாள். 

இடைவேளையில் முத்துராணி விளிம்பில் கை வைத்து ஏறினாள். தூக்கிவிடலாமென்று பேச்சித்தாய் அவளுடைய முழங்கைக்கு மேலே பிடித்தாள். பிடித்த கை வழுக்கிக்கொண்டு மணிக்கட்டு வரை வந்தது.

பேச்சித்தாய் தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள். நல்லெண்ணெய்.

"என்னளா இது?"

"தலைக்குத் தேச்சதுக்கா. குளத்துல போடுத மருந்துல முடி பூராக் கொட்டுதுல்லா. அம்மைதான் நல்லா வச்சுத் தேச்சு விட்டா. தொப்பிக்குள்ள இருந்து வடிஞ்சிருக்கும்."

"தொப்பியில இருந்து வடிஞ்சது முழங்கை வரைக்கும் பூசிக்கிடுமோ?"

அணியில் அவளோடு ஆடுகிற மாரித்தாய் பக்கத்தில் நின்று மெல்லச் சொன்னாள். "காலைல ஆட்டத்துல நெசமாவே வடிஞ்சதுதான்க்கா. பிடிக்க வந்தவளுக்குப் பிடியே நிக்கல. அதப் பாத்துட்டு... மத்தியானம் நாங்க ரெண்டு பேரும் மட்டும் குப்பியில மிச்சம் இருந்தத எடுத்து..."

"பந்து வழுக்கிரக் கூடாதுன்னு உள்ளங்கையில படாம, பைய, புறங்கையாலயே தடவுனாளுவக்கா" என்றாள் கோல் காக்கிற ஜெமிமா. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அப்பளக் கட்டைக்கு எண்ணெய் போடுத மாதிரி."

"சிரிச்சேன்னா தெரியும் ஒனக்கு."

முத்துராணிக்கு இப்போது ரோஷம் வந்தது. "அவளுவ மட்டும் பெரிய யோக்கியமாக்கா? அந்த ஸமீஹா, தண்ணிக்கு அடியில என் டிரெஸ்ஸப் பிடிச்சுத் தொங்குதா. அது நடுவர் மாமா கண்ணுக்குத் தெரிய மாட்டேங்கு. எங்க எண்ணெய் மட்டும் தெரியணுமோ?"

அவள் சொன்னதிலும் பொய் இல்லை. தண்ணீருக்கு மேலே தெரிவதுதான் நடுவருக்கு ஆட்டம். அடியில் நடப்பது வேறு. பேச்சித்தாய்க்கு அது தெரியும், பாத்திமாவுக்கும் தெரியும். விதியும் தெரியும். ஆட்டம் தொடங்கிய பிறகு எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டால் அந்த ஆள் வெளியே. அன்றைய ஆட்டத்தில் மறுபடி இறங்க முடியாது.

மேலே படிக்கட்டில் எழுந்து நின்றவர் இன்னும் உட்காரவில்லை.

"துண்ட எடுத்து அழுத்தித் தொடைங்க ரெண்டு பேரும்" என்றாள் பேச்சித்தாய். அவ்வளவுதான் சொன்னாள். ஈரத்தோலில் எண்ணெய் துண்டுக்கு வராது என்று சொல்லும்போதே தெரிந்தது. ஆனாலும் சொல்லிவிட்டு, திரும்பி நின்றுகொண்டாள்.

மூன்றாம் பாகத்தில் முத்துராணியை மறிக்க ஸமீஹாவே வந்தாள். சிறிய உருவம், விடாப்பிடியான பிள்ளை. ஏற்கெனவே பிடித்து இழுத்ததற்காக இரண்டு முறை வெளியே அனுப்பப்பட்டு வந்தவள். மூன்றாவது தப்பு என்றால் அன்றைக்கு அவளுக்கு ஆட்டம் முடிந்தது. பந்து முத்துராணியை நோக்கி வந்தபோது ஸமீஹா கையை வீசி அவள் தோளைப் பிடித்தாள். பிடி நிற்கவில்லை. வழுக்கிய கை போன வேகத்தில் முத்துராணியின் மூக்கில் பட்டது.

விசில். தாஜ் முகம்மது ஸமீஹாவை வெளியே போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"நான் அடிக்கல மாமா! வழுக்குது மாமா! வேணும்னா நீங்களே தொட்டுப் பாருங்க!"

தொட்டுப் பார்க்கச் சொன்னதும் தாஜ் முகம்மது இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "தொட்டுப் பாக்கதுக்கு என்ன இருக்கு? பேச்சித்தாயி பாத்தாச்சுன்னு சொல்லியிருக்கா. அவ சொன்னாச் சொன்னதுதான். ஏறு வெளிய."

பேச்சித்தாய் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. ஸமீஹா ஏறி வந்து, தொப்பியைக் கழற்றித் தரையில் அறைந்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதாள். அடுத்த கோலையும் முத்துராணி போட்டாள். கல்லிடைக்குறிச்சிப் பிள்ளைகள் கத்தியது பேச்சித்தாய்க்கு எங்கேயோ தூரத்தில் கேட்பது போல இருந்தது.

கடைசிப் பாகத்துக்கு முன்னால் ஆட்டம் நின்றபோது அவள் குளத்தைச் சுற்றிக்கொண்டு நடுவரிடம் போனாள். அவ்வளவு நீளமான குளம் என்று அதுவரை அவளுக்குத் தோன்றியதில்லை.

"அண்ணாச்சி, நான் சரியாப் பாக்கல. நகத்த மட்டுந்தான் பாத்தேன். என் பிள்ளையள்ல ரெண்டு பேரு எண்ணெய் தேச்சிருக்காளுவ."

தாஜ் முகம்மது அவளை ஏற இறங்கப் பார்த்தார். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். "இப்பமா வந்து சொல்லுதிய? இன்னும் ஒரு பாகந்தான் கெடக்கு. பேசாம சோப்பு போட்டுக் கழுவி எறக்கி விடும்மா. எனக்கும் முட்டு ரெண்டும் நோவுது. இது முடிஞ்சு பையம்மாரு ஆட்டம் வேற நிக்கி."

"அந்தப் பிள்ள வெளிய உக்காந்து அழுவுது அண்ணாச்சி."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"உள்ள கூப்பிடுங்க. என் பேரச் சொல்லித்தான அவள வெளிய அனுப்புனிய."

அவர் விசிலைக் கையில் வைத்துத் திருப்பினார். "மேல உக்காந்திருக்கவுகளும் பாத்துட்டு இருக்காவ. முத்துராணிக்கு என்ன ஆவும்னு தெரியும்லா?"

"தெரியும்."

அவர் போய், கணக்கு எழுதும் மேசையில் இருந்தவர்களிடம் சொன்னார். ஸமீஹாவின் மூன்றாவது தப்பு அழிக்கப்பட்டது. முத்துராணியும் மாரித்தாயும் வெளியே அழைக்கப்பட்டு, மாற்றுப் பிள்ளைகள் இரண்டு பேர் இறங்கினார்கள். அந்த இரண்டு பேரும் அதுவரை குளத்தில் ஆடியதில்லை, ஆற்றில்தான். முத்துராணி பேச்சித்தாயைக் கடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மைதீன் பாத்திமா பக்கத்தில் வந்து நின்றாள். ஏதோ சண்டைக்குத்தான் வருகிறாள் என்று பேச்சித்தாய் நினைத்தாள்.

"பேச்சிக்கா, நானும் என் பிள்ளையளத் தொட்டுப் பாக்கல. நகத்தக்கூடப் பாக்கல."

"இப்பம் எதுக்குச் சொல்லுத?"

"தெரியல. சொல்லணும்போல இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் தன் பிள்ளைகள் பக்கம் போய்விட்டாள்.

கல்லிடைக்குறிச்சி ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றது. தச்சநல்லூரை ஜெயிக்கவைத்த கடைசிக் கோலைப் போட்டது ஸமீஹா இல்லை, வேறொருத்தி. சாயங்காலம் மாநிலப் பயிற்சிக்கு எடுத்த பெயர்களை வாசித்தார்கள். முத்துராணி பெயர் அதில் இல்லை. தச்சநல்லூர்ப் பிள்ளைகள் இரண்டு பேர் எழுந்து போனபோது பேச்சித்தாய் தன் பிள்ளைகளைப் பார்த்து, "கை தட்டுங்கட்டி" என்றாள். ஜெமிமாவும் இன்னொருத்தியும் தட்டினார்கள். மற்றவர்கள் தங்கள் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேன் சேரன்மகாதேவியைத் தாண்டியது. பிறகு பின் இருக்கையிலிருந்து முத்துராணியின் குரல் வந்தது. அழுது முடித்த குரல்.

"நீங்க பாத்தாச்சுன்னு சொன்னியளேக்கா."

"ஆமா."

"அப்பமே தொட்டுப் பாத்திருந்தியன்னா ஏசியிருப்பிய. நாலு அடிகூட அடிச்சிருப்பிய. நாங்க கழுவிட்டு எறங்கியிருப்போம். எண்ணெய் இல்லாமலே நான் அவளுவளத் தாண்டிருவேன். அது ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"பொறவு?"

பேச்சித்தாய் முன்னால் ரோட்டைப் பார்த்தாள். தேய்த்தது நீதானே என்று சொல்லலாம். அது உண்மைதான். ஆனால் பிள்ளை கேட்டதற்கு அது பதில் ஆகாது. டிரைவர் ஏதோ பாட்டைப் போடப் போனவர், கண்ணாடியில் இவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

மற்றப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, முத்துராணியோடு அவள் வீடு வரைக்கும் பேச்சித்தாயும் நடந்தாள். வர வேண்டாம் என்று முத்துராணி சொல்லவில்லை. முத்துமாலை லோடு ஏற்றிவிட்டு வந்து, வாசல் குழாயில் வாழைக்கறை படிந்த கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன, ஜெயிச்சாச்சா?"

"தோத்துட்டோம்" என்றாள் முத்துராணி. "எண்ணெய் தேச்சுட்டு எறங்குனேன்னு என்னைய வெளியேத்திட்டாவ."

முத்துமாலைக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகளையும் பேச்சித்தாயையும் மாறி மாறிப் பார்த்தார். "எண்ணெய் தேச்சா என்னம்மா? தண்ணியில கெடக்கப் போறவ எண்ணெய் தேய்க்காம வேற என்னத்தத் தேய்ப்பா? நாங்கூட மழையில லோடு ஏத்தும்போது தேச்சுட்டுத்தான போறேன்?"

பேச்சித்தாய் நின்றபடியே முதலிலிருந்து சொன்னாள். ஆட்டத்தில் மறிப்பது எப்படி, பிடி ஏன் நிற்க வேண்டும், யார் யாரைப் பார்க்க வேண்டும், தான் பார்க்காமலே பார்த்ததாகச் சொன்னது, அந்தச் சொல்லை வைத்து நடுவர் இன்னொரு பிள்ளையை வெளியே அனுப்பியது, தானே போய்ச் சொன்னது. ஒன்றையும் விடவில்லை, தன் தப்பைக் குறைத்துச் சொல்லவும் இல்லை. முத்துமாலை குழாயை மூடாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பம், நீங்களாத்தான் போய்ச் சொல்லியிருக்கிய."

"ஆமா அண்ணன்."

"சொல்லாம இருந்திருந்தா?"

"ஜெயிச்சிருப்போம்."

"காலேசு சீட்டு?"

"கெடச்சிருக்கும்."

அவர் குழாயை மூடினார். துண்டை உதறித் தோளில் போட்டார். வீட்டுக்குள் போய்விட்டார். உள்ளே பாத்திரம் ஒன்று பலமாக வைக்கப்படும் சத்தம் கேட்டது. பிறகு அவர் மனைவியிடம் எதையோ வேகமாகக் கேட்பதும், அவள், "நல்லதுக்குத்தான தேச்சு விட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் கேட்டது.

பேச்சித்தாய் போகலாமா நிற்கலாமா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றாள். முத்துராணி உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து போட்டாள்.

"உக்காருங்கக்கா" என்றாள், முகத்தைப் பார்க்காமலே. "எங்க அப்பா இன்னும் ஏச ஆரம்பிக்கல. இப்பந்தான் வருவாவ."

பேச்சித்தாய் உட்கார்ந்தாள். வேனில் தவிர, காலையிலிருந்து அவள் உட்காருவது அதுதான் முதல்முறை. முத்துராணி உள்ளே போகாமல், நாற்காலிக்குப் பக்கத்திலேயே கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள். இரண்டு பேரும் முத்துமாலை வெளியே வருவதற்காகக் காத்திருந்தார்கள்.