ஒருவருக்கு ஒரு ஒன்ஸ் மோர்

எங்கள் ஊரில் ஒரு புதிய இசைக்கோவையை முதன்முறை வாசித்து முடிக்கும்போது அதை எழுதியவரும் முடிந்துவிடுவார். அதனால் பழையதை வாசிப்பதே வழக்கம். அவற்றை எழுதியவர்கள் ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவர்கள், யாருக்கும் சங்கடமில்லை. வருஷத்துக்கு ஒரு கச்சேரி மட்டும் புதியவற்றுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள்.

இந்த வருஷம் மூன்று பேர். மூன்றாவது என் அக்கா ரெஜினா. உனக்கெதுக்கு இந்த வேலை என்றதற்கு, "எழுதியாச்சுல்லா. வாசிக்காம எப்படி?" என்றாள். அவள் எழுதியது நாலு நிமிஷம்தான் வரும். கொஞ்சம் நீளமாக எழுதித் தொலையேன் என்று அம்மா எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். கச்சேரியன்று அம்மாவுக்கு உள்ளே வரத் தெம்பில்லை. வாசலில் ஸ்கூட்டர்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தப்பிக்க ஒரு வழி உண்டு. கடைசி ஸ்வரம் அடங்குவதற்குள் யாராவது "ஒன்ஸ் மோர்" என்றால் முதலிலிருந்து வாசித்தாக வேண்டும். ஆறு மணிக்கு மண்டபத்தை ஒரு கல்யாண வரவேற்புக்கு விட வேண்டும். அதுவரை முடியாமல் இழுத்துவிட்டால் எழுதியவர் வீட்டுக்குப் போகலாம். ஆனால் ஒருவருக்கு ஒரு ஒன்ஸ் மோர்தான். யார் கேட்டது என்பதைச் செயலாளர் குரலை வைத்தே கண்டுபிடிப்பார்.

முதல் இருவருக்கும் யாரும் கேட்கவில்லை. புது இசை, பிடிபடவில்லை. மரியாதைக்குக் கைதட்டினார்கள். செயலாளர் மேடையில் காலியான அவர்களுடைய இரண்டு நாற்காலிகளையும் மடக்கிச் சுவரோரம் சாய்த்தார்.

எனக்கு எல்லார் குரலும் வரும். போன மாதம்தான் பங்குச் சாமியார் குரலில் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்தேன். அக்காவின் கடைசி ஸ்வரத்தில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தனிஸ்லாஸ் குரலில், நடுவில் ஒரு இருமலோடு ஒன்ஸ் மோர் கேட்டேன். தாம்தான் கேட்டோம் என்று நினைத்து அவரும் தலையாட்டிக்கொண்டார். அடுத்து பேக்கரிக்கார அம்மாள். பிறகு லைன்மேன். தூங்கிக்கொண்டிருந்த கம்பவுண்டருக்குக் குறட்டையும் சேர்த்தேன். அப்படியே வரிசை வரிசையாகப் போனேன். வயலின்காரர்களின் வில்லில் நார் தொங்க ஆரம்பித்தது. மேடையிலிருந்து அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஏல, போதும்" என்று வாயசைத்தாள். அவ்வளவு குஷியாக நான் இருந்ததே இல்லை.

வரவேற்புக்காரர்கள் பன்னீர்ச் செம்போடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். இன்னும் ஒரு தடவை வாசித்தால் போதும். மண்டபத்தில் குரல்கள் தீர்ந்துவிட்டன. என்னுடையது மட்டும் மிச்சம்.

"ஒன்ஸ் மோர்" என்றேன்.

செயலாளர் காதைச் சாய்த்தார். இந்தக் குரலில் இங்கே ஆளே இல்லையே என்றார். தனிஸ்லாஸ் சாரும் உதட்டைப் பிதுக்கினார். கடைசியாக அக்காவிடம் கேட்டார்கள். அவள் கண்ணை மூடி யோசித்தாள்.

"கேட்ட குரலா இல்லியே. ஆனா நல்லாருக்கு."

ஸ்வரம் அடங்கியது. செயலாளர் நாற்காலியை மடக்கினார்.

வெளியே அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"ஏட்டி, வந்துட்டியா?"

"வந்துட்டேம்மா" என்றேன், அக்கா குரலில். பின்னால் ஏறிக்கொண்டேன்.

"தம்பிய எங்க?"

வாயைத் திறந்தேன். என் குரல் எங்கே ஆரம்பிக்கும் என்று தெரியவில்லை.

"அவன உள்ள யாருக்குமே தெரியலம்மா."

சரி, பிடிச்சுக்கோ என்று அம்மா வண்டியை எடுத்தாள். வீடு வரைக்கும் என் பின்னல் காற்றில் முதுகில் அடித்துக்கொண்டே வந்தது.