ஆளுக்கு இரண்டு விரல்

ஓவர்லாக் அக்கா கேட்டது ஒரே ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். பதினோரு வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் லீவு அதுதான். பள்ளிக்கூட மேடையில் பாட்டுக்குழு பாடும்போது முதல் நாலு வரியை அவள் மகள் தனியாகப் பாடப் போகிறாள். அதை எதிரே உட்கார்ந்து கேட்கவேண்டும். பெரிய ராஜ்ஜியமா கேட்டுவிட்டாள்?

"லீவா?" என்று நெஞ்சில் கைவைத்தார் கடை மேடம். "நாம எல்லாரும் ஒரே குடும்பம். குடும்பத்துல யாராவது லீவு போடுவாங்களா?"

என்ன ஒரு குடும்பம் பாருங்கள்! ஒருத்தி தைத்துக்கொண்டே இருப்பாள், இன்னொருத்தர் அவளைப் பாசமாகப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

முன்பெல்லாம் அந்தத் துணிக்கடையில் ரெண்டே பேர்தான். மேடம் முன்னறையில் சிரிப்பார். பின்னறையில் அக்கா அளவெடுத்து, வெட்டி, தைத்து, கடைசியில் ஓவர்லாக் மெஷினில் ஓரம் அடித்து முடிப்பாள். அதனால்தான் அந்தப் பெயர். போன வருஷம் யாரோ ஒரு பெண் இங்கே தைத்த கவுனைப் போட்டு எடுத்த படம் போன் போனாகச் சுற்றியது. அன்றிலிருந்து கடையில் நிற்க இடமில்லை. மேடத்துக்கு எல்லா வார்த்தையும் வரும், 'முடியாது' மட்டும் வராது. கேட்டவருக்கெல்லாம், "வியாழக்கிழமை வாங்கிக்கோங்க" என்பார். ஒரு வாரத்துக்கு எத்தனை வியாழக்கிழமை என்று அக்காதான் தலையில் அடித்துக்கொள்வாள்.

அப்போதுதான் மேடத்தின் தம்பி வந்து சேர்ந்தான். மூன்று நாள் நிர்வாகப் பயிற்சி முடித்தவன்; ஊசியில் நூல் கோக்கத் தெரியாது, ஆனால் சுவர் முழுக்கக் கலர் கலராகக் காகிதம் ஒட்டத் தெரியும்.

"ஒரே ஆள் எல்லாத்தையும் செஞ்சா கடை எப்படிக்கா வளரும்? பிரிச்சுக் கொடு" என்றான் மேடத்திடம். அளவெடுப்பது மேடம். வெட்டுவதற்குப் புதிதாக ஒரு மாஸ்டர். தைப்பது மட்டும் அக்கா. உடுத்திப் பார்க்கும் ட்ரையலைச் சிவப்பு மையால் அடித்துவிட்டான். "அது வெறும் நேர விரயம்."

இந்த அழகில் மேடம் இருபத்துநாலு கவுனுக்கு ஆர்டர் பிடித்துக்கொண்டு வந்தார். மகள் படிக்கும் அதே பள்ளிக்கூடம், அதே பாட்டுக்குழு. "உனக்காகத்தான் ஒத்துக்கிட்டேன்" என்று வாய் கூசாமல் சொன்னார். "இதை மட்டும் முடிச்சிடு, வெள்ளிக்கிழமை நீ தாராளமா போய் உக்காந்து பாட்டுக் கேளு."

அக்கா நம்பினாள். சாப்பாட்டு டப்பாவை மெஷின் மேலேயே வைத்துக்கொண்டு, வாய் பாதி கை பாதியாக இருபத்துநாலையும் முடித்தாள். மகளுடையதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்கிறேன் என்றதற்கு, "பெட்டியில போட்டு ஸ்டிக்கர் ஒட்டியாச்சு, பிரிக்கக் கூடாது" என்று தம்பி கறாராகச் சொல்லிவிட்டான்.

வெள்ளிக்கிழமை மதியம் பள்ளியிலிருந்து போன் வந்தது. அக்கா ஊசிப் பெட்டியோடு ஓடினாள். மேடைக்குப் பின்னால் இருபத்துநாலு பிள்ளைகளும் கூடாரத்துக்குள் புகுந்துகொண்ட மாதிரி நின்றார்கள். அவள் மகளுக்குக் கழுத்துப் பட்டி தோளைத் தாண்டி நழுவிக்கொண்டிருந்தது.

பார்த்த நொடியிலேயே அக்காவுக்கு விளங்கிவிட்டது. தையல்காரர் கை எப்போதும் அளவுக்கு மேல் ரெண்டு விரல் லூஸ் விடும். வளர்கிற பிள்ளைகள் என்று மேடம் அளவு எழுதும்போதே ரெண்டு விரல் கூட்டியிருக்கிறார். துணி சுருங்கும் என்று மாஸ்டர் வெட்டும்போது ரெண்டு விரல். மூச்சு இழுத்துப் பாடவேண்டுமே என்று அக்காவும் தையலைத் தள்ளிப் பிடித்து ரெண்டு விரல். ஒருத்தர் செய்தது இன்னொருத்தருக்குத் தெரியாது. பக்கத்துக்கு ஆறு விரல்! கடை நன்றாகத்தான் வளர்ந்திருக்கிறது.

தன் பங்கும் அதில் இருக்கிறதே என்று அக்கா மண்டி போட்டாள். ஒவ்வொரு முதுகிலும் துணியைக் கொத்தாகப் பிடித்து ஊக்கு குத்தினாள். மகளில் ஆரம்பித்து இருபது முடித்தபோது முழங்கால் மரத்துப்போயிருந்தது. வெளியே பாட்டுக்குழுவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

திரையை விலக்கிக்கொண்டு மேடம் வந்தார். உடை தைத்துக் கொடுத்தவர் என்று அவருக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள்.

"இன்னும் நாலுதானே? முடிச்சிடு. பாட்டு இங்க இருந்தே நல்லாக் கேக்கும். சொல்லப்போனா எங்களைவிட நீதான் கிட்ட இருக்க. கொடுத்து வெச்சவ!"

அக்கா வாயில் கவ்வியிருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். பதினோரு வருஷமாக அந்த வாய்க்கு ஊக்கைப் பிடிக்க மட்டும்தான் நேரம் இருந்தது.

"கையை நீட்டுங்க மேடம்."

மேடம் என்னவோ ஏதோ என்று நீட்டினார். ஊக்கெல்லாம் அந்த உள்ளங்கைக்குப் போனது.

"நாலு பேர்தான். குடும்பம்னு சொன்னீங்க இல்ல, நீங்க குத்துங்க. நான் போய்ப் பாட்டுக் கேக்கறேன்."

"ஏய், எனக்கு இதெல்லாம் எங்க..." என்று மேடம் இழுத்தது அவள் முதுகுக்குத்தான் கேட்டது.

முன்வரிசையில் காலியாக இருந்தது மேடத்தின் நாற்காலி ஒன்றுதான். பக்கத்தில் தம்பி. "இது அக்காவோட சீட்" என்றான் பதறிப்போய்.

"நானும் அக்காதான்" என்று உட்கார்ந்தாள்.

திரை விலகியது. மகள் முதலில் மேடையோரத்தைப் பார்த்தாள். அம்மா அங்கே இல்லை. முகம் சுண்டிப்போனது. பிறகு எதிரே பார்த்தாள். அவள் சிரித்த சிரிப்பில் முதல் வரி அரைநொடி தாமதமாகத்தான் வந்தது. வந்த குரல் கூடத்தின் கடைசி நாற்காலிவரை போனது. அக்காவுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது.

இரண்டாவது வரியில் பின்வரிசைப் பிள்ளை ஒருத்தியின் கவுன் தோளைவிட்டு இறங்கியது. அவள் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். திரையோரத்தில் மேடம் ஊக்கும் கையுமாகத் தவித்து, வா வா என்று சைகை காட்டினார். தம்பி அக்காவின் முழங்கையை இடித்தான்.

கண்முன்னே ஒரு துணி சரியாக உட்காரவில்லையென்றால் அக்காவுக்குக் கை தானாகப் பரபரக்கும். பரபரத்த கை ரெண்டையும் மடியில் கோத்துக்கொண்டு, நாலு வரி முடியும்வரை அவள் அசையவே இல்லை.