கந்தவேல் கழற்றாத ஸ்வெட்டர்

பங்குனி பிறந்தும் கந்தவேல் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. மலையில் குளிர் இருக்கும்தான். அதற்காக உச்சி வெயிலில், கிழங்கு மூட்டை தூக்குகிறவர்கள் பனியனைக்கூடக் கழற்றிப் போட்டு நிற்கையில், பதினாலு வயதுப் பையன் கழுத்துவரை கம்பளி மாட்டித் திரிந்தால் அட்டுவம்பட்டி சும்மா விடுமா? மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவன். உள்ளே சிலுவை தொங்குகிறது என்று தெரு தீர்மானம் போட்டுவிட்டது. முன்மொழிந்தவள் எதிர்வீட்டுப் பாப்பம்மாள். வழிமொழிய ஆளுக்கா பஞ்சம்?

அவன் அம்மா சிவபாக்கியத்துக்குக் கவலை வேறு. சின்ன வயதில் டைபாய்டில் கிடந்தவனைப் பிழைக்க வைத்தால் பதினாலாவது வயதில் காவடி எடுக்க வைப்பதாகப் பழனியாண்டவரிடம் நேர்ந்திருந்தாள். உத்திரம் நெருங்கிவிட்டது. காவடி எடுக்கிறவன் வெற்று மார்போடுதான் நிற்க வேண்டும். இவனோ, "என்னால முடியாது" என்று முடித்துவிட்டான். "சாமியையே மாத்திட்டானா?" என்று அப்பா நாச்சிமுத்து குதித்த குதியில் அடுப்படித் தகரம் ஆடியது.

சனிக்கிழமை சிவபாக்கியம் எண்ணெய்க் கிண்ணத்தோடு அவனை மடக்கி, ஸ்வெட்டரை உருவினாள். சிலுவையைக் காணோம். இடது மார்க்காம்புக்கு அடியில் புளியங்கொட்டை கணக்காக ஒரு கட்டி. தொட்டதும் பையன் சுருண்டான்.

"எப்பலருந்துலே?"

"தீவாளிலருந்து." குரலை இறக்கிக்கொண்டான். "நான் பொம்பளையா மாறிட்டு வர்றேனாம்மா?"

உறைமோர் வாங்க வந்து, கதவிடுக்கில் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்ட பாப்பம்மாளிடம் அதற்குப் பதில் இருந்தது.

"கைப்புள்ளையில குளிப்பாட்டுறப்ப இவன் மாரப் பிதுக்கிப் பால் எடுத்துவிட்டியாடி?"

"கத்திக் கெடந்தான்க்கா. பாவம்னு விட்டுட்டேன்."

"அதான் சோலி. அந்தப் பாலு இத்தன வருசமா உறைஞ்சு கெடக்கு!"

உறைமோர்க் கிண்ணத்தைக் கையில் வைத்திருப்பவளுக்கு உறைவதைத் தவிர வேறென்ன தோன்றும்? கிண்ணத்தைக் கீழே வைத்தாள், எண்ணெயைத் தொட்டாள், பிதுக்கினாள். பையன் போட்ட கூச்சல் ஏரிக்கரைவரை கேட்டதாக ஊரில் பேச்சு. பால் வரவில்லை. திங்கட்கிழமை காலையில் அந்த இடம் சிவந்து வீங்கியிருந்தது.

தப்பு தன்னுடையதுதான், அன்றைக்கே எடுத்துவிட்டிருக்க வேண்டும் என்று சிவபாக்கியம் இரண்டு நாளாய் மருகினாள். பிறகு, பையனுக்குப் பல்வலி என்று புருஷனிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டர் சுவாமிநாதன் இரண்டு பக்கமும் மெல்லத் தொட்டுப் பார்த்தார். அம்மாவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு இடுப்புக்குக் கீழேயும் சோதித்தார். அப்புறம் கூப்பிட்டார்.

"வயசுக்கு வர்ற பையன்கள்ல பாதிப் பேருக்கு இது வரும்மா. இவன் ஆம்பளையாகிட்டு இருக்கான், அவ்வளவுதான். ஒரு வருஷம், ரெண்டு வருஷத்துல தானா கரைஞ்சுடும்."

"பால் எடுக்காம விட்டது..."

"பச்சைக் குழந்தைக்கே எடுக்கக் கூடாது. யாரு இப்படிக் கன்றிப்போக அமுக்குனது?"

சிவபாக்கியம் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தாள். நாளைக்கும் எதிர்வீட்டு முகத்தில்தானே விழிக்க வேண்டும்?

"மறுபடி எப்பங்க வரணும்?"

"சிவப்பு ரெண்டு மூணு நாள்ல அடங்கலேன்னா, காய்ச்சல் வந்தா உடனே வரணும். கட்டி பெருசாகிட்டே போனாலோ, காம்பை விட்டுத் தள்ளிக் கல்லு மாதிரி இருந்தாலோ, ரத்தமோ நீரோ கசிஞ்சாலோ, கீழ விதையில கட்டி தட்டுப்பட்டாலோ நாள் கடத்தாதீங்க. ரெண்டு வருஷம் தாண்டியும் இருந்தா அப்பவும் காட்டணும்."

"காவடி எடுக்கலாங்களா?"

"தோள்லதானே எடுக்கிறான்?"

கந்தவேல் நம்பவில்லை. "பாதிப் பேருக்குன்னா, எங்க கிளாஸ்ல ஒருத்தனுக்கும் இல்லையே சார்?"

"எல்லாரும் சட்டை போட்டுக்கிட்டுல்ல வர்றாங்க?"

நாச்சிமுத்துவிடம் அன்றைக்கே உண்மையைச் சொன்னாள். "பல்லுன்னியே?" என்று கேட்டுவிட்டு, அவர் காவடிக் கம்பைத் துடைக்கப் போனார். பையன் மட்டும் பிடி கொடுக்கவில்லை. பழனிக்கு மலை இறங்கச் சம்மதித்தான், ஸ்வெட்டரோடு.

பழனியில், சண்முக நதிக்கரையில், ஒருவனும் சட்டை போட்டிருக்கவில்லை. கந்தவேல் துண்டை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு நின்றான். சந்தனத்தைக் குழைத்தபடி சிவபாக்கியம் அவன் கண்ணைக் கவனித்தாள். அது பக்கத்தில் நின்ற வடகவுஞ்சி கிராமத்துப் பையனிடம் போனது. அந்தப் பையனும் கைகளைக் குறுக்கே கட்டியிருந்தான். காவடியை வாங்கக் கையை எடுத்தபோது தெரிந்தது: இரண்டு பக்கமும் சின்ன மொட்டுப்போல.

கந்தவேல் துண்டை அம்மாவிடம் கொடுத்தான். அந்தப் பையனை நெருங்கி, "ஏலே, அது தானாப் போயிரும்லே. யாரையும் அமுக்க விட்டுராத" என்றான். அவன் திருதிருவென்று விழித்தான்.

வேடிக்கை பார்க்க மலையிறங்கி வந்திருந்த பாப்பம்மாள், சந்தனம் பூசிய மார்பைக் கண்டதும் முன்னே பாய்ந்தாள். "பாத்தியாடி, என் கைப்பக்குவம்! பாதி கரைஞ்சிருச்சு. இன்னும் ஒருவாட்டி..."

"வெரசா நடலே" என்று மகனை முன்னே தள்ளிவிட்டு, சிவபாக்கியம் அவனுக்கும் பாப்பம்மாளுக்கும் நடுவில் புகுந்து நடந்தாள். பழனி மலையுச்சிவரை அந்த இடத்தை அவள் விட்டுக்கொடுக்கவில்லை.